கதை முடிந்தது, கடை மூடவில்லை

எந்தக் கதைக்கும் ஒரு முடிவு உண்டு. முடிவு இருப்பதனாலேயே தொடக்கத்துக்கும் நடுவுக்கும் பொருள் ஏற்படுகிறது. ஆயிரத்தொரு இரவுகளில் ஷஹர்ஸாத் கதையை இரவுதோறும் நீட்டிக்கொண்டே போனாள். நிறுத்தினால் விடியலில் தன் உயிர் போகும் என்ற அச்சம் அவளுக்கு இருந்தது. ஆயினும், அவள் தொடங்கிய கதைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஆயிரத்தோராவது இரவில் அவளும் ஓய்ந்தாள். மன்னனும் மனம் மாறினான். அவள் நீட்டியதற்கு ஒரு நோக்கம் இருந்தது. நோக்கம் நிறைவேறியதும் நீட்டல் நின்றது.

ஜப்பானில் 1984-ஆம் ஆண்டு தொடங்கி 1995-ஆம் ஆண்டு முடிந்துபோன ஒரு சித்திரக்கதை, முப்பதாண்டுகள் கடந்தும் முடிய விடப்படாமல் இழுத்துச் செல்லப்படுகிறது. 'டிராகன் பால்' என்பது அதன் பெயர். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். அதன் வீரன் கோக்குவின் பொன்னிற முடியைக் காகிதத்தில் வரைந்து காட்டக்கூடிய பிள்ளைகள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். யாருடைய உயிரைக் காக்க இந்தக் கதை இவ்வளவு நீளமாகச் சொல்லப்படுகிறது? பதிப்பாளர்களும் படத் தயாரிப்பாளர்களும் பொம்மை வணிகர்களும் சேர்ந்து இதை எவ்வாறு நடத்திச் செல்கின்றனர்? அதனால் கதைக்கு நேர்ந்தது என்ன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ந்த பிள்ளை

முதலில் மூலக் கதையின் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். குறை கூறப் புகுமுன் நிறையை ஒப்புக்கொள்வதே திறனாய்வின் முறை.

தோக்கியோவிலுள்ள ஷூயிஷா என்னும் பதிப்பகம் நடத்தும் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்ற சிறுவர் வார இதழில், 1984-ஆம் ஆண்டு நவம்பரில் அகிரா தோரியாமா இக்கதையை வரையத் தொடங்கினார். சீனத்தின் பழம்பெரும் நூலான 'மேற்குத் திசைப் பயண'த்தில் வரும் குரங்கு வீரனின் பெயரையே ஜப்பானிய ஒலிப்பில் தம் வீரனுக்கு இட்டார். காட்டில் தனியே வளர்ந்த வால் முளைத்த சிறுவன் ஒருவன், ஏழு மாயப் பந்துகளைத் தேடிப் புறப்படுவதில் கதை தொடங்குகிறது. ஏழையும் ஒன்று சேர்த்தால் ஒரு நாகம் தோன்றி, கேட்ட வரம் அளிக்கும் என்பது கதையின் கரு. 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள் என அது விரிந்தது.

இந்தக் கதையின் உண்மையான சிறப்பு அதன் சண்டைகளில் இல்லை. சிறுவர் சித்திரக்கதைகளில் பெரும்பாலான வீரர்களுக்கு வயதே ஆவதில்லை. கோக்குவோ சிறுவனாக வந்தான், இளைஞனானான், மணந்தான், தந்தையானான், இறுதியில் பேத்தியைக் கண்ட பாட்டனானான். வாரந்தோறும் படித்த வாசகனும் அவனோடு சேர்ந்து பத்தாண்டுகள் வளர்ந்தான். கதையின் நடுவில், உலகைக் காக்கத் தன்னுயிரைக் கொடுத்த கோக்கு, தன்னை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டாமெனத் தோழர்களிடம் சொல்லிவிட்டு, மகன் கோஹானின் கையில் பொறுப்பை ஒப்படைக்கிறான். வரம் கேட்டால் கிடைக்கும் என்றிருந்தும் கேட்க மறுத்த அந்த இடமே கதையின் உச்சம் என்பது நம் கருத்து.

மகனை முதன்மைப் பாத்திரமாக்க எண்ணியிருந்ததையும், அவன் அதற்குப் பொருந்தவில்லை என்று தமக்குத் தோன்றியதால் மீண்டும் தந்தையையே முன்னிறுத்தியதையும் தோரியாமாவே பின்னாளில் கூறியிருக்கிறார். எனினும் கதையை முடிக்கும்போது அவர் தம் முதல் எண்ணத்துக்கே திரும்பினார் எனலாம். கடைசிப் பகைவன் வீழ்ந்து பத்தாண்டுகள் சென்றபின், ஊப் என்னும் எளிய கிராமத்துச் சிறுவனைக் கோக்கு கண்டெடுக்கிறான். அவனுக்குக் கற்பிப்பதற்காகத் தன் வீட்டாரிடம் விடைபெற்றுப் பறந்து செல்கிறான். வீரன் ஆசிரியனாகிறான். கதை அதோடு நிறைவடைகிறது.

மை மிச்சமும் காசு வரவும்

இந்த மூலக் கதை நடந்துகொண்டிருந்தபோதே வணிகம் அதனோடு கைகோத்து நடந்தது. டோயி அனிமேஷன் நிறுவனம் தயாரித்த தொலைக்காட்சித் தொடர் 1986 பிப்ரவரியில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் பண்டாய் நிறுவனம் இக்கதையை வீடியோ விளையாட்டாக்கி வெளியிட்டது. படம் திரைக்கு வந்து ஒன்பதே மாதங்கள்! 1988-இல் தெருக்கடைகளின் தானியங்கிப் பெட்டிகளில் 20 யென் காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஒரு வண்ண அட்டை வெளிவரும் ஏற்பாடு வந்தது. எந்த அட்டை வரும் என்பது யாருக்கும் தெரியாது. விரும்பிய வீரன் வரும்வரை சிறுவர்கள் திருகிக்கொண்டே இருந்தனர்.

தொலைக்காட்சித் தொடரும் வணிகத்தின் கணக்கிற்கேற்பவே நடந்தது. இதழில் வாரம் ஓர் அத்தியாயம்தான் வந்தது. தொடரும் வாரம் ஒன்றாக வந்தபடியால் கதையை எட்டிப் பிடித்துவிடும் நிலை நேர்ந்தது. நிறுத்தி வைக்க மனமில்லாதவர்கள், நீட்டினார்கள். இரு வீரர்கள் ஒருவரையொருவர் முறைத்து நிற்பதிலேயே காட்சிகள் கழிந்தன. 'டிராகன் பால் ஸெட்' தொடர் 291 பகுதிகளாக ஓடியது. 2009-இல் அதே தொடரைச் சதை குறைத்து 'காய்' என்ற பெயரில் மறுபடி வெளியிட்டபோது, நீட்டியிருந்தது எவ்வளவு என்பது யாவர்க்கும் விளங்கியது. நீட்டியதையும் விற்றார்கள், பின்னர் சுருக்கியதையும் விற்றார்கள்!

இங்கு ஒரு சிறு செய்தியைக் கவனித்தல் நன்று. கோக்கு பெருஞ்சினம் கொண்டபோது அவனுடைய கருமுடி பொன்னிறமாகும் காட்சி 1991-இல் வந்தது. உலகப் புகழ் பெற்ற அந்த உருமாற்றத்துக்கு ஒரு காரணம் மிக எளியது: கறுப்பு வெள்ளை இதழில் பொன்முடியை வெறும் வெள்ளையாக விட்டுவிடலாம், முடிக்கு மை தீட்டும் வேலை உதவியாளருக்கு மிச்சமாகும். தோரியாமாவே இதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் கதையினுள் அந்த நிறமாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. உயிர்த்தோழன் கண்முன் கொல்லப்பட்ட துயரத்தில் பிறந்த நிறம் அது. ஓவியனின் சிக்கனம் கதையின் துயரத்தோடு இணைந்து கலையாயிற்று.

முடிவின் விலை

1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் கதை முடிந்தது. வாரந்தோறும் வரைந்து வரைந்து ஆசிரியர் களைத்திருந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் 'ஜம்ப்' இதழ் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் அச்சாகி அதன் வரலாற்றில் உச்சத்தைத் தொட்டிருந்தது. டிராகன் பாலும், அடுத்த ஆண்டு 'ஸ்லாம் டங்க்' என்ற மற்றொரு புகழ்பெற்ற கதையும் முடிந்தபின் விற்பனை சரிந்தது. 1997-இல் போட்டி இதழான 'வீக்லி ஷோனென் மேகஸீன்' அதனை முந்திச் சென்றது. ஒரு நல்ல கதை முடிந்தால் எவ்வளவு இழப்பு என்பதைப் பதிப்பகம் அன்று கணக்கிட்டு அறிந்தது. அதன் பிறகு நடந்தவற்றை இந்தப் பாடத்தின் வெளிச்சத்திலேயே பார்க்க வேண்டும்.

ஷூயிஷாவிடம் இதற்கென ஒரு கருவி முன்பே இருந்தது. தோரியாமாவைக் கண்டெடுத்து வளர்த்த பதிப்பாசிரியர் கசுஹிகோ தொரிஷிமா, 1993-இல் 'வி ஜம்ப்' என்னும் மாத இதழை நிறுவினார். வீடியோ விளையாட்டுகளையும் அட்டை விளையாட்டுகளையும் முதன்மையாகக் கொண்ட இதழ் அது. இதழோடு விளையாட்டு அட்டை ஒன்றை இணைத்துத் தருவது அதன் வழக்கமாயிற்று. அட்டைக்காக இதழை வாங்குவோரும் உண்டு. இதழைப் படித்து விளையாட்டை நாடுவோரும் உண்டு. இரண்டில் எது நடந்தாலும் கல்லாவுக்கு நட்டமில்லை.

டோயி நிறுவனம் மூலச் சித்திரக்கதை இன்றியே 'ஜிடி' என்ற தொடரை நடத்தி 1997-இல் முடித்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் புதிய தொடர் இல்லை. ஆயினும் பெயர் மறையவில்லை. 2002-இல் 'புடோகாய்' வரிசை வீடியோ விளையாட்டுகள் தொடங்கின. அதே ஆண்டில் பழைய தொகுதிகள் புதிய அட்டைகளோடு முழுமைப் பதிப்பாக வரலாயின. 2010-இல் 'டிராகன் பால் ஹீரோஸ்' என்ற அட்டை விளையாட்டு ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களில் வைக்கப்பட்டது. காசு போட்டு ஒருமுறை ஆடினால் ஓர் அட்டை கிடைக்கும். அந்த அட்டையை வைத்து மீண்டும் ஆடலாம்.

இந்த 'ஹீரோஸ்' விளையாட்டில்தான் பழைய ஒழுங்கு தலைகீழாகியது. கதையில் வந்தவற்றைப் பண்டமாக்குவது அதுவரை வழக்கம். இங்கோ, விளையாட்டுக்கென உருவாக்கிய வீரர்களுக்காகச் சித்திரக்கதை வரையப்பட்டது. 2018 முதல் 2024 வரை அந்த விளையாட்டை விளம்பரப்படுத்தும் பொருட்டே குறும்படத் தொடர் ஒன்று இணையத்தில் வெளியிடப்பட்டது. கதையில் ஒருபோதும் சந்திக்க முடியாதவர்கள் அதில் சந்தித்துப் பொருதனர். காரணகாரியத் தொடர்பு எதுவும் தேவைப்படவில்லை. விற்பதற்காக ஒரு கதை, கதைக்கென ஒரு விற்பனை என்ற இரண்டுக்கும் இடையிலிருந்த கோடு அழிந்துபோயிற்று. 'ஹீரோஸ்' விளையாட்டுக்காக 2012-இல் 'வி ஜம்ப்' இதழில் வரையத் தொடங்கிய தொயோதாரோ என்ற ஓவியரே, பின்னர் 2015 முதல் அதே இதழில் 'டிராகன் பால் ஸூப்பர்' சித்திரக்கதையை வரைந்தார் என்பது கருதத்தக்கது. 2016-இல் ஷூயிஷா 'டிராகன் பால் அறை' என்றே ஒரு தனிப்பிரிவை அமைத்தது. 'வி ஜம்ப்' இதழின் ஆசிரியராயிருந்த அகியோ இயோகு அதற்குத் தலைமை ஏற்றார். ஒரு கதையைப் பேணுவதற்கென்று பதிப்பகத்தில் ஓர் அறை!

பத்தாண்டு என்னும் பெட்டி

2013-இல் தோரியாமா தாமே கதை அமைத்த புதிய திரைப்படம் வந்தது. அதற்குமுன் 2009-இல் வந்த ஹாலிவுட் படம் தமக்கு அளித்த மனக்குறையும் தம்மை இக்கதையின்பால் மீண்டும் திருப்பிய காரணங்களுள் ஒன்று என்று அவர் சொல்லியிருக்கிறார். தம் பிள்ளையைப் பிறர் சீர்குலைக்கக் கண்ட தந்தையின் மனநிலை அது. அதில் நாம் குறை காண்பதற்கில்லை. 2015 முதல் 2018 வரை 'ஸூப்பர்' தொடர் 131 பகுதிகளாக வந்தது. 2024 அக்டோபரில் 'டாய்மா' என்ற தொடர் தொடங்கி 20 பகுதிகளில் நிறைவுற்றது.

இவை கதையின் எந்த இடத்தில் நிகழ்கின்றன என்பதை நோக்குக. கடைசிப் பகைவனின் வீழ்ச்சிக்கும் ஊப்பைக் கண்டெடுக்கும் இறுதி அத்தியாயத்துக்கும் இடையே பத்தாண்டு இடைவெளி விடப்பட்டிருந்தது அல்லவா? அந்த இடைவெளிக்குள்தான் 2013 முதல் வந்த படங்களும் இவ்விரு தொடர்களும் நிகழ்கின்றன. முடிவு அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொடவும் முடியாது, கடக்கவும் துணிவில்லை. எனவே எத்தனை கடவுளர் வந்தாலும், எத்தனை பேரண்டங்கள் அழிந்தாலும், வீரன் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். வெளியுலகில் முதல் பத்தாண்டுகள் ஓடுவதற்குள் கோக்கு சிறுவனிலிருந்து பாட்டனானான். அடுத்த முப்பதாண்டுகளில் அவனுக்கு ஒரு நரைகூட விழவில்லை. 'ஜிடி', 'டாய்மா' இரண்டிலுமே ஒரு வரத்தின் வாயிலாக அவன் மீண்டும் சிறுவனாக்கப்பட்டான் என்பதும் தற்செயலன்று. சிறுவனை விற்பது எளிது.

வளர்ச்சிக்கு இடமில்லாதபோது மாறுவதற்கு எஞ்சியிருப்பது நிறம் ஒன்றே. 2013-இல் முடி சிவந்தது, 2015-இல் நீலமானது, 2018-இல் வெள்ளியானது. பகைவன் ஃபிரீசாவும் 2015-இல் உயிர்ப்பிக்கப்பட்டுப் பொன்னிறமானான், 2022-இல் கருநிறமானான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருவப் பொம்மை, ஓர் அட்டை, விளையாட்டில் ஒரு புதிய பாத்திரம். 2018-இல் வந்த 'ஃபைட்டர்ஸ்' என்ற விளையாட்டில் கோக்கு ஒருவனே பல உருவங்களில் தனித்தனிப் பாத்திரமாக இடம்பெற்றான்; அவற்றுள் சிலவற்றை ஆட்டக்காரர் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். 2024-இல் வந்த 'ஸ்பார்க்கிங் ஸீரோ'வில் பாத்திரங்கள் 180-க்கும் மேல். தோழனின் சாவில் பிறந்த பொன்னிறம் எங்கே, கடைத்தட்டின் வரிசைக்காகப் பிறந்த இந்த வானவில் எங்கே!

சாவும் இவ்வாறே மலிந்துவிட்டது. இறந்த பகைவனின் பொம்மை விற்கும்வரை அவன் இறந்தவனாக இருக்க முடியாது. ஃபிரீசா ஒருமுறை உயிர்ப்பிக்கப்பட்டு, வீழ்ந்து, மறுமுறையும் அழைத்து வரப்பட்டான். மீட்கப்படுவதை மறுத்த கோக்குவின் அந்தப் பழைய மாண்பு இதற்கெல்லாம் முன்னால் வெறும் நினைவாகிவிட்டது.

கைப்பேசி விளையாட்டைப் பற்றியும் பெற்றோர்க்கு ஒரு சொல். 2015-இல் தொடங்கிய 'டொக்கான் பேட்டில்' என்ற விளையாட்டை இலவசமாகவே பெறலாம். ஆனால் விரும்பிய வீரனைப் பெற, காசு கொடுத்து வாங்கக்கூடிய கற்களைச் செலவிட்டுக் குலுக்கல் நடத்த வேண்டும். 20 யென் அட்டைப் பெட்டியின் கைப்பிடியே இங்குத் திரைக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. ஒரு வேறுபாடு, அன்று சட்டைப்பையில் காசு தீர்ந்தால் சிறுவன் வீடு திரும்பினான். இது சூதாட்டத்துக்கு எத்தனை அடி தொலைவில் நிற்கிறது என்பதை நம் குடும்பத்தினர் தாமே எண்ணிப் பார்க்கட்டும். இத்தகைய குலுக்கலின் ஒரு வகையை ஜப்பானிய அரசே 2012-இல் தடுத்தது.

இவ்வளவும் வீண்போகவில்லை, வணிகருக்கு. 2024 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் பண்டாய் நாம்கோ குழுமம் டிராகன் பால் பெயரால் மட்டும் 10,000 கோடி யென்னுக்கு மேல் விற்பனை கண்டது.

தராசின் மறுதட்டு

பண்டங்கள் எப்போதும் கதையைக் கெடுக்கும் என்று தீர்ப்புக் கூறினால் அது நேர்மையாகாது. 1979-இல் 'மொபைல் சூட் குண்டம்' என்ற தொடர், 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டு, போதிய வரவேற்பின்றி 43 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு பண்டாய் வெளியிட்ட இயந்திர மனிதர்களின் பிளாஸ்டிக் மாதிரிகளைச் சிறுவர்கள் வரிசையில் நின்று வாங்கினர். போரின் கொடுமையைப் பேசிய ஒரு நல்ல கதை அதனால் பிழைத்தது. பொம்மை கதையைக் காத்த நிகழ்ச்சி அது.

டிராகன் பாலிலும் அத்தகைய நற்பேறு ஒன்று உண்டு. ப்ரோலி என்ற பாத்திரம் 1993 முதல் வந்த சில திரைப்படங்களுக்கு மட்டும் உரியவன். தோரியாமாவே அவனை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்தார். விளையாட்டுகளிலும் பண்டங்களிலும் அவன் பெற்ற செல்வாக்கு நீடிக்கவே, அவனை மீட்டெடுக்குமாறு பதிப்பாசிரியர் யோசனை கூறினார். 2018-இல் வந்த படத்தில் தோரியாமா அவனைப் புதிதாக எழுதினார். கொடுமைக்காரத் தந்தையால் ஆயுதமாக வளர்க்கப்பட்ட, உள்ளத்தில் சாதுவான ஒருவனாக அவன் உருப்பெற்றான். முன்பு கூச்சலிட மட்டுமே தெரிந்த உருவத்துக்கு ஒரு நெஞ்சு கிடைத்தது. சந்தை கேட்டதைக் கலைஞன் கலையாக்கித் தந்தான்.

ஆக, குற்றம் பொம்மையில் இல்லை. கடை கதையைப் பின்தொடர்ந்தால் கதைக்கு வாழ்வு. கதை கடையைப் பின்தொடர்ந்தால் கதைக்கு உயிரற்ற நீளம். ப்ரோலியில் முதலாவது சற்றே நிகழ்ந்தது. நிறங்களின் வரிசையில் இரண்டாவது நிகழ்ந்தது. இதுவே நாம் கண்ட முடிவு.

ஆசிரியர் சென்றபின்

2024-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் தோரியாமா தம் 68-ஆம் வயதில் காலமானார். மூன்று வாரங்களுக்குப்பின், சவூதி அரேபியாவில் ரியாதுக்கு அருகேயுள்ள கித்திய்யாவில் 5 லட்சம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் டிராகன் பால் கேளிக்கைப் பூங்கா அமையும் என்றும், அதன் நடுவே வரமளிக்கும் நாகம் 70 மீட்டர் உயரத்தில் எழுப்பப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் நம்மவர் செல்லும் நாட்டிலேயே நாளை நம் பேரப்பிள்ளைகள் அந்த நாகத்தைப் பார்க்கக்கூடும். படைத்தவர் மறைந்தார், படைப்பு விற்பனையில் இருக்கிறது.

பெற்றோர் இதற்காகக் கதையைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. பறித்தது மறைவில் தேடப்படும். அந்த 42 தொகுதிகளை முதலிலிருந்து இறுதிவரை பிள்ளை படிக்கட்டும். ஆசிரியர் தம் கையால் வரைந்த அந்தக் கடைசிப் பக்கம்வரை படிக்கட்டும். படித்தபின் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இத்தனை வலிமை பெற்ற கோக்கு, கடைசியில் ஏன் வேறொரு சிறுவனுக்குக் கற்பிக்கப் போனான்?

இக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, கதையின் பயனை அடைந்துவிட்டது. வளர்வதும், தளர்வதும், தன் இடத்தை அடுத்தவனுக்கு விட்டு விலகுவதும் மனித வாழ்வின் இலக்கணம். கடைக்காரனிடம் இந்த இலக்கணம் செல்லாது; ஏனெனில் விலகிச் சென்றவனை அவனால் விற்க முடியாது. வீட்டில் அது செல்லும். அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கடமை எந்தப் பதிப்பகத்தின் அறைக்கும் உரியதன்று. நம்முடைய வீட்டுக்கூடங்களுக்கே உரியது.